செறிவை இரட்டித்தால் பாகுநிலை ஏன் பதினைந்து மடங்கு தாவுகிறது?

கூழாங்கல்:

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக ஹ்யூர் (HEUR) வகைத் தடிப்பாக்கி ஒன்றை, அதாவது பெயிண்ட் போன்றவற்றைக் கெட்டியாக்கும் பாலிமரை, நீரில் கரைத்து அளந்துகொண்டிருக்கிறேன். நடுவே 35,000 மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் ஆக்சைடு சங்கிலி, இரண்டு முனையிலும் 16 கார்பன் நீளமுள்ள, நீரை வெறுக்கும் வால். 25 டிகிரி செல்சியஸ், கோன்-பிளேட் ரியோமீட்டர் (தட்டுக்கும் கூம்புக்கும் இடையே கரைசலை வைத்துச் சுழற்றி அளப்பது). மிகக் குறைந்த ஷியர் வீதத்தில் (கரைசலைச் சறுக்கி இழுக்கும் வேகம்) கிடைத்த பாகுநிலை, பாஸ்கல்-வினாடிக் கணக்கில்: 0.5 சதவீதத்தில் 0.02, 1 சதவீதத்தில் 0.4, 2 சதவீதத்தில் 6, 4 சதவீதத்தில் 40.

சாதாரண பாலிமர் என்றால் செறிவு ஏற ஏறச் சரிவு செங்குத்தாகும் என்றுதான் படித்தேன். நீர்த்த நிலையில் அடுக்கு (பாகுநிலை செறிவின் எத்தனையாவது படியாக ஏறுகிறது என்ற எண்) 1, சங்கிலிகள் சிக்கிக்கொண்டபின் 4-ஐ ஒட்டி. எனக்கோ தலைகீழாக இருக்கிறது. முதல் இரட்டிப்பில் 20 மடங்கு, அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 7 கூட இல்லை. மேலே போகப் போகச் சரிவு குறைகிறது.

இன்னொன்று. 2 சதவீதக் கரைசலில் ஷியர் வீதத்தைக் கூட்டினால் பாகுநிலை முதலில் கொஞ்சம் ஏறுகிறது, பிறகு சடாரென்று விழுகிறது. கருவி பழுதா என்று மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதே மேடு. எங்கே தப்பு செய்கிறேன்?

பழைய பெயிண்ட்காரன்:

தப்பே செய்யவில்லை தம்பி. அந்த மேட்டைப் பார்த்து ரியோமீட்டரைச் சர்வீசுக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். விவரமாகச் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள், வரட்டும். அதுவரை ஒரு கேள்வி: எடை சரியாகப் போட்டீர்களா? உங்கள் 1-லிருந்து 2 சதவீதம் வரையிலான சரிவு ஏறத்தாழ நான்காம் அடுக்கு. செறிவில் 2 சதவீதம் பிழை இருந்தால் பாகுநிலையில் 8 சதவீதம் பிழை வரும். இந்தத் தூள் ஈரத்தை இழுக்கும், டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

முடிச்சவிழ்:

அடுக்கு 4 என்றால் அது சங்கிலிச் சிக்கல்தானே? சிக்கிய கரைசல்களுக்கு நல்ல கரைப்பானில் 3.9 என்பது தெரிந்த எண். இணைவு, வால் என்றெல்லாம் போக வேண்டியதில்லை. சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சிக்குகின்றன, அவ்வளவுதான்.

நூலேணி:

முடிச்சவிழ், எண் ஒத்துப்போவதாலேயே காரணமும் ஒத்துப்போய்விடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உருகிய பாலிஎத்திலீன் ஆக்சைடில் இரண்டு சிக்கல்களுக்கு இடைப்பட்ட மூலக்கூறு எடை ஏறக்குறைய 2,000. கரைசலாக்கினால் அது செறிவின் −1.3 அடுக்கில் பெரிதாகும். 2 சதவீதத்தில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். கூழாங்கல்லின் சங்கிலி வெறும் 35,000. சிக்குவதற்கு நீளமே போதாது.

வாலை வெட்டிவிட்டு அதே சங்கிலியை மட்டும் 2 சதவீதம் கரைத்தால் என்ன கிடைக்கும்? அதன் உள்ளார்ந்த பாகுநிலை (மிக நீர்த்த நிலையில் ஒரு கிராம் பாலிமர் பாகுநிலையை எவ்வளவு கூட்டும் என்ற அளவு) கிராமுக்கு 44 மில்லிலிட்டரை ஒட்டி வரும். அதிலிருந்து கரைசலின் பாகுநிலையைக் கணிக்கும் ஹக்கின்ஸ் சமன்பாட்டில் போட்டால் கரைசல் தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அதாவது 2 மில்லிபாஸ்கல்-வினாடி. இங்கே அளந்திருப்பது 6 பாஸ்கல்-வினாடி. மூவாயிரம் மடங்கு வித்தியாசம். எடையில் சங்கிலியின் நூற்றில் ஓரிரு பங்கே இருக்கும் வால்கள் செய்த வேலை இது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீரில் போட்டவுடன் வால்கள் ஒன்றுகூடி மைசெல் என்னும் நுண்திரள் ஆகின்றன. ஒரு மைசெல்லின் கருவில் சில பத்து வால்கள் இருக்கும். ஒரு சங்கிலியின் இரண்டு வால்களும் ஒரே கருவுக்குள் போனால் அது வளையம். இதழ்கள் போலச் சுற்றி வளைந்து நிற்பதால் இதைப் பூ மைசெல் என்பார்கள். இரண்டு வால்களும் வெவ்வேறு கருவில் செருகியிருந்தால் அது பாலம். வளையம் எடை தாங்காது, பாலம் மட்டுமே தாங்கும். உங்கள் பாகுநிலையை முடிவு செய்வது கரைத்த பாலிமரின் எடை அல்ல, அதில் எத்தனை பாலமாக நிற்கிறது என்பதுதான்.

பாலம் போட முடியுமா என்பது தூரத்தைப் பொறுத்தது. ஒரு கருவுக்கு 25 வால் என்று வையுங்கள். 2 சதவீதத்தில் பக்கத்துப் பக்கத்து மைசெல்களின் மையங்களுக்கு இடையே சராசரி 33 நானோமீட்டர். இந்தச் சங்கிலி நீரில் இயல்பாகச் சுருண்டு கிடக்கும்போது முனைக்கு முனை 23 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். பாலம் போட வேண்டுமானால் அது தன்னை இழுத்து நீட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு என்ட்ரோபி விலை உண்டு. ஆகவே பெரும்பாலானவை சுகமாக வளையமாகவே இருந்துவிடும். 6 சதவீதத்துக்குப் போங்கள், மைசெல் இடைவெளி 23 நானோமீட்டருக்கு இறங்கிவிடும். இழுக்காமலே எட்டும்.

செறிவைக் கூட்டும்போது இரண்டு காரியம் ஒருசேர நடக்கிறது. சங்கிலிகளின் எண்ணிக்கை கூடுகிறது, அவற்றில் பாலமாகும் பங்கும் கூடுகிறது. அடியில் சரிவு செங்குத்தாக இருப்பதற்கு இரண்டாவதுதான் காரணம். எல்லாம் பாலமாகிவிட்டால் மேற்கொண்டு கூட இடமில்லை, சரிவு தணியும். உங்கள் 20, 15, 7 அதைத்தான் சொல்கிறது.

ஆஸிலேஷன் அளவீடு (கரைசலை முன்னும் பின்னும் ஆட்டி அளப்பது) போட்டீர்களா? போட்டிருந்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

முடிச்சவிழ்:

சிக்கல் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வளையம்-பாலம் கதை அழகாக இருக்கிறது என்பதற்காக உண்மையாகிவிடாது. பாலத்தின் எண்ணிக்கை அப்படியே இருந்து, ஒவ்வொரு பாலமும் நீண்ட நேரம் பிடித்திருந்தாலும் பாகுநிலை கூடும்தானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

நூலேணி:

சரியான கேள்வி. பிரிக்கத்தான் ஆஸிலேஷன் கேட்டேன்.

கூழாங்கல்:

இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எடுத்துவிட்டேன். மூன்று கரைசலிலும் படம் பாடப்புத்தகத்து மேக்ஸ்வெல் திரவம் போல அப்படியே வருகிறது: ஒரே ஒரு தளர்வு நேரம் (இழுவிசை தணிய ஆகும் நேரம்), அதிவேகத்தில் தட்டையான மாடுலஸ் (விறைப்பு). நான் பார்த்த பாலிமர் எதுவும் இவ்வளவு சுத்தமாக நடந்துகொண்டதில்லை.

1 சதவீதம்: மாடுலஸ் 13 பாஸ்கல், தளர்வு நேரம் 0.03 வினாடி.
2 சதவீதம்: 120 பாஸ்கல், 0.05 வினாடி.
4 சதவீதம்: 570 பாஸ்கல், 0.07 வினாடி.

பெருக்கிப் பார்த்தால் நான் முதலில் சொன்ன பாகுநிலையே வந்துவிடுகிறது. 0.5 சதவீதத்தில் கருவிக்கு முறுக்கு விசை போதவில்லை, விட்டுவிட்டேன்.

நூலேணி:

முடிச்சவிழ் கேட்டதற்கு விடை இதிலேயே இருக்கிறது. 1-லிருந்து 4 சதவீதத்துக்குப் போனபோது பாகுநிலை 100 மடங்கு ஏறியது. அதில் மாடுலஸின் பங்கு 44 மடங்கு, தளர்வு நேரத்தின் பங்கு இரண்டே கால்.

இன்னும் ஒரு படி போகலாம். எல்லாச் சங்கிலியும் பாலமாக நின்றால் மாடுலஸ் எவ்வளவு இருக்கும்? கன மீட்டருக்குள் எத்தனை மோல் சங்கிலியோ அதை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பெருக்க வேண்டும், ரப்பருக்குப் போடும் அதே கணக்கு. 2 சதவீதத்துக்கு 1,400 பாஸ்கல் வருகிறது. நீங்கள் அளந்தது 120. சங்கிலிகளில் பன்னிரண்டில் ஒன்றுதான் எடை தாங்குகிறது. 1 சதவீதத்தில் ஐம்பதில் ஒன்று கூடத் தேறாது. 4 சதவீதத்தில் ஐந்தில் ஒன்று. நீங்கள் தராசில் போட்ட பாலிமரில் பெரும்பங்கு சும்மா சுருண்டு படுத்திருக்கிறது என்பதை இந்த எண்ணைப் பார்த்தபோதுதான் நானே முதன்முதலில் நம்பினேன்.

இந்த வழி புதிதல்ல. வந்து வந்து அவிழும் முடிச்சுகளாலான வலையை 1946-இல் கிரீனும் டொபோல்ஸ்கியும் கணக்கிட்டார்கள். 1992-இல் டனாகாவும் எட்வர்ட்ஸும் அதை இணையும் பாலிமர்களுக்கு விரித்தார்கள். அடுத்த வருடமே அன்னபிள் குழுவினர் ஹ்யூர் கரைசல்களில் வரிசையாக அளந்து, வளையம்-பாலம் விகிதம் செறிவோடு மாறுவதைச் சேர்த்தால்தான் அளவீடு பொருந்துகிறது என்று காட்டினார்கள்.

கூழாங்கல்:

நன்றி. ஆனால் தளர்வு நேரம் ஏன் கொஞ்சமாவது கூட வேண்டும்? வால் கருவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வர எடுக்கும் நேரம்தானே அது? பக்கத்தில் எத்தனை மைசெல் இருந்தால் அதற்கு என்ன?

நூலேணி:

வாலுக்கு ஒன்றுமில்லை, வலைக்கு உண்டு. செறிவு குறைவாக இருக்கும்போது பல மைசெல்களுக்கு இரண்டே இரண்டு பாலம்தான் இருக்கும். அவை சந்திப்பாக நிற்காமல் கயிற்றின் நடுவே போட்ட முடிச்சாகிவிடும். ஐந்து சங்கிலி இப்படி வரிசையாகக் கோத்து ஒரே நீள்பாலமாக நிற்கிறது என்று வையுங்கள். ஐந்தில் எது அவிழ்ந்தாலும் மொத்தமும் போச்சு. ஆக நீள்பாலத்தின் ஆயுள் தனிச் சங்கிலியின் ஆயுளில் ஐந்தில் ஒன்று. செறிவு கூடினால் ஒவ்வொரு மைசெல்லுக்கும் நாலைந்து பாலம் வரும், நீள்பாலங்கள் மறையும், அளக்கும் நேரம் வாலின் உண்மையான நேரத்தை நோக்கி ஏறும்.

வாலின் நேரத்தையே மாற்ற வேண்டுமானால் செறிவைத் தொட்டுப் பயனில்லை. வாலை நீட்ட வேண்டும்: கார்பன் ஒன்று கூடினால் ஏறத்தாழ மூன்று மடங்கு. அல்லது வெப்பநிலையை மாற்ற வேண்டும். 25-லிருந்து 35 டிகிரிக்குப் போய் அளந்து பாருங்கள். மாடுலஸ் பெரிதாக அசையாது, தளர்வு நேரம் பாதிக்குப் பக்கத்தில் விழும்.

பழைய பெயிண்ட்காரன்:

நூலேணி சொன்ன இந்தப் பிரிவினை இருபது வருடம் முன்பு எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

வெள்ளை எமல்ஷன் ஒன்று, தடிப்பாக்கி இதே வகை. பெயிண்டின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரெப்ஸ் அலகு, கே.யூ., 105 காட்டியது. ரோலரில் தெறிக்கவில்லை, சுவரில் நன்றாகப் பரவியது. வண்ணப் பேஸ்ட் ஊற்றி ஆழ்ந்த நீலமாக்கினோம். கே.யூ. 82. கலக்கிக் குச்சியைத் தூக்கினால் மோர் மாதிரி ஒழுகுகிறது. பேஸ்டில் தண்ணீர் அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த அளவு தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றிப் பார்த்தேன், அதில் விழுந்தது கால்வாசிதான். மீதியைச் செய்தது பேஸ்டுக்குள் இருந்த சர்பாக்டன்டும் (சோப்பு போன்ற பொருள்) கிளைகாலும்.

சர்பாக்டன்ட் வந்ததும் ஒவ்வொரு வாலுக்கும் தனி மைசெல் கிடைத்துவிடுகிறது. அதற்குக் கூட்டாளி தேவையில்லை, பாலம் அறுந்தது. வேடிக்கை என்னவென்றால் கொஞ்சமாகச் சேர்த்தால் பாகுநிலை கூடவும் செய்யும், குறிப்பாகச் சங்கிலி நெடுக வால் தொங்கும் செல்லுலோஸ் வகைகளில். கூடிக்கொண்டே போய், சர்பாக்டன்ட் தானாகவே மைசெல் கட்டும் செறிவை ஒட்டி உச்சம் தொட்டு, அப்புறம் மலையிறங்கும். சோடியம் டோடெசைல் சல்பேட்டுக்கு அந்தச் செறிவு லிட்டருக்கு 8 மில்லிமோல். ஆகையால் செறிவு என்று பேசும்போது பாலிமரின் செறிவை மட்டும் எழுதிவிட்டுப் போனால் பாதிக் கதைதான்.

பெயிண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெயிண்டில் மிதக்கும் லேடக்ஸ் பாலிமர்த் துகளின் மேற்பரப்பும் வால்களை இழுத்துக்கொள்ளும். டப்பாவில் எழுதிய செறிவும் நீர்ப்பகுதியில் மிஞ்சிய செறிவும் ஒன்றல்ல.

ஊற்றுக்கண்:

நான் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம். எங்கள் பாலிமருக்கு வால்கள் முனையில் இல்லை, பாலிஅக்ரிலமைடு முதுகு நெடுக அங்கங்கே ஒட்டியிருக்கும், மோல் கணக்கில் நூற்றுக்கு ஒன்றிரண்டு. அதற்கு மேல் போனால் நீரில் கரையவே மறுக்கும்.

இங்கே செறிவின் விளையாட்டு வேறு மாதிரி. மிக நீர்த்த நிலையில் வால்கள் வெளியே தேடிப் போவதில்லை, சொந்தச் சங்கிலியின் மற்ற வால்களையே பிடித்துக்கொள்ளும். சங்கிலி உள்ளுக்குள் சுருங்கும். ஆகவே வால் ஒட்டிய பாலிமரின் பாகுநிலை, ஒட்டாத மூல பாலிமரைவிடக் குறைவு! தடிப்பாக்கி வாங்கித் தண்ணீராக்கிய கதை. உள்ளார்ந்த பாகுநிலை இறங்கும், ஹக்கின்ஸ் மாறிலி மட்டும் எகிறும். வழக்கமான பாலிமருக்கு 0.3, 0.4 என்று வரும் அந்த எண் இங்கே 1-ஐத் தாண்டும். ஒரு குறிப்பிட்ட செறிவைக் கடந்தபின்தான் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்து, மூல பாலிமரை முந்திக்கொண்டு கிளம்பும்.

எண்ணெயைத் தள்ளி வெளியேற்றப் பாறைத் துளைகளுக்குள் செலுத்தும்போது இதுவே தலைவலி. அனுப்பும் தொட்டியில் செறிவு அந்தக் குறிப்பிட்ட வாசலுக்கு மேலே இருக்கும். உள்ளே போன முகப்பில் பாறை கொஞ்சம் உறிஞ்சும், அங்கிருக்கும் நீர் கொஞ்சம் கலக்கும். செறிவு வாசலுக்குக் கீழே விழுந்தால் நூறு மீட்டர் தாண்டி உங்கள் பாலிமர் மூல பாலிமரைவிட மோசம். ஆய்வகக் குப்பியில் பார்த்து மயங்கியவர்கள் பலர்.

நூலேணி:

ஊற்றுக்கண் சொன்ன வகையில் தளர்வு நேரமும் செறிவோடு வேகமாக மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கிலியில் பத்து வால் இருந்தால் ஒன்று அவிழ்ந்து பயனில்லை. மற்ற ஒன்பதும் பிடித்திருக்கும், அவிழ்ந்ததும் பெரும்பாலும் பழைய கூட்டாளியிடமே திரும்பிப் போய் ஒட்டும். அதனால் அங்கே ஒற்றை மேக்ஸ்வெல் கிடைக்காது, நேரங்களின் ஒரு பெரிய பட்டையே கிடைக்கும். லைப்லர், ரூபின்ஸ்டைன், கோல்பி மூவரும் 1991-இல் கணக்கிட்டது இந்த வகையை. கூழாங்கல்லின் எண்களை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

கூழாங்கல்:

அந்த மேட்டைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. 2 சதவீதத்தில் நொடிக்கு 5 என்ற ஷியர் வீதத்தில் ஏறத் தொடங்கி 15-ஐ ஒட்டி உச்சம். 4 சதவீதத்தில் மேடு அநேகமாக இல்லை, நேரே விழுகிறது.

நூலேணி:

தளர்வு நேரம் 0.05 வினாடி என்றால் அதன் தலைகீழ் நொடிக்கு 20. மேடு அதற்குச் சற்று முன்பே நிற்பது எதிர்பார்த்ததுதான்: வால் அவிழும் வேகத்தை நெருங்கும் அளவுக்கு நீங்கள் இழுக்கிறீர்கள். ஏன் இறுகுகிறது என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. இழுபட்ட பாலங்கள் நேரியல் எல்லை தாண்டி விறைக்கின்றன என்பது ஒன்று. இழுப்பில் வளையங்கள் அவிழ்ந்து பாலமாகின்றன என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதன் மேல் சாய்வு, காரணம் செறிவு. குறைந்த செறிவில்தான் மாற்றிக்கொள்ள வளையங்கள் நிறைய மிச்சம், பாலங்களும் ஏற்கெனவே இழுபட்டு நிற்கின்றன. 4 சதவீதத்தில் மேடு மங்குவது அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் பாலங்கள் இழுபட்டு நிற்பது முதல் கட்சிக்கும் சாதகம்தான், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆஸிலேஷன் படத்தில் இந்த மேடு வராது. இரண்டு அளவீடும் ஒரே பாகுநிலையைத் தரும் என்னும் காக்ஸ்-மெர்ஸ் விதியை நம்பி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிடாதீர்கள்.

பழைய பெயிண்ட்காரன்:

4 சதவீதம் "நேரே விழுகிறது" என்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அடுத்த முறை எண்ணைப் பார்க்காமல் கோனின் விளிம்பைப் பாருங்கள். டார்ச் அடித்து, கண்ணை அந்த இடுக்குக்கு நேராக வைத்து. இந்த அளவு மீள்தன்மை இருந்தால் விளிம்பில் முதலில் மெல்லிய பள்ளம் விழும். அது உதடு போலப் பிளந்து உள்ளே ஓடும், பிறகு கரைசல் சிறு சுருளாக வெளியே துப்பப்படும். அந்த நொடியில் முறுக்கு விசை விழும். திரையில் கரைசல் இளகியதாகத்தான் தெரியும். உண்மையில் இடுக்கில் கரைசலே இல்லை.

கூழாங்கல்:

பார்த்தேன். நீங்கள் சொன்ன உதடு நொடிக்கு 12-இல் திறந்தது. என் 4 சதவீதப் படத்தில் அதற்கு மேலுள்ள புள்ளிகள் எல்லாம் குப்பைக்கு. வழிகாட்டியிடம் போன வாரமே அந்தப் படத்தைக் காட்டிப் பாராட்டு வாங்கியிருந்தேன், இனி போய்ச் சொல்ல வேண்டும்.

0.2 சதவீதமும் செய்து வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் குப்பிக்குள் இரண்டு அடுக்கு: அடியில் கொழகொழவென்று ஒன்று, மேலே தண்ணீர். கலக்கினால் சேர்கிறது, விட்டால் மறுபடி பிரிகிறது. கரையவில்லையா?

நூலேணி:

கரைந்துதான் பிரிந்திருக்கிறது. பூ மைசெல்கள் தொலைவில் தனித்தனியாக இருந்தால் பாலம் போட வழியில்லை. பக்கத்தில் வந்தால் ஒவ்வொரு சங்கிலிக்கும் வளையமா பாலமா என்று தேர்வு கிடைக்கிறது, அதனால் என்ட்ரோபி கூடுகிறது. அந்த ஆதாயமே ஈர்ப்பு விசையாகி மைசெல்களைக் கூட்டம் சேர்க்கும். செமெனோவ், ஜோன்னி, கோக்லோவ் மூவரும் 1995-இல் இதைக் கணக்கிட்டார்கள். முனைகள் முழுதாக வால் பூட்டப்பட்டு, வாலும் நீளமாக இருந்தால் இப்படி அடர்ந்த பகுதியும் வெறும் நீருமாகப் பிரியும். உங்கள் 0.5 சதவீதக் குப்பியையும் ஒரு நாள் அசையாமல் வைத்துப் பாருங்கள். அதுவும் பிரிந்தால் 0.02 என்ற எண்ணுக்கு அர்த்தம் வேறு.

முடிச்சவிழ்:

ஒரு கடைசிச் சந்தேகம். 4 சதவீதத்துக்கு மேல் இதை ஜெல் என்று அழைக்கலாமா? விற்பனைத் தாள்களில் எல்லாம் ஜெல் என்றே போடுகிறார்கள்.

கூழாங்கல்:

அதற்கு என்னிடம் தற்செயலாக ஒரு பதில் இருக்கிறது. போன வாரம் 8 சதவீதம் செய்தேன். குப்பியைக் கவிழ்த்தால் உடனே விழவில்லை, ஜெல் என்றே நினைத்தேன். கலக்கும்போது புகுந்த குமிழிகள் உள்ளே மாட்டி நின்றன. மாலையில் போகும்போது பெரிய குமிழிகளைக் காணோம், மேலே போய்விட்டன. ஊசிமுனைக் குமிழிகள் மட்டும் மறுநாளும் இருந்தன, ஆனால் பேனாவால் போட்ட கோட்டுக்கு இரண்டு விரல் மேலே ஏறியிருந்தன.

நூலேணி:

குமிழி ஏறினால் அது திரவம், குமிழியை நிற்க வைக்கும் விளைவு அழுத்தம் (பாயத் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம்) அதற்கு இல்லை. பாகுநிலை 200 பாஸ்கல்-வினாடி என்று வைத்தால் அரை மில்லிமீட்டர் ஆரக் குமிழி மணிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். ஐந்தில் ஒரு பங்கு ஆரமுள்ளது 25 மடங்கு மெதுவாக, அதாவது மணிக்கு அரை மில்லிமீட்டரைத் தாண்டிக் கொஞ்சம். எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்தீர்கள், இரண்டு விரல் என்பது எத்தனை மில்லிமீட்டர் என்று சொன்னால் உங்கள் குமிழியின் ஆரத்தைச் சொல்லிவிடலாம்.

பழைய பெயிண்ட்காரன்:

அந்தக் குமிழிகளோடு அதை ரியோமீட்டரில் ஏற்றிவிடாதீர்கள் தம்பி. சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுற்றுங்கள், பிறகு அளக்கலாம்.